சூடேறிய பின் தளரும் இயந்திரம்

மோட்டார் இயந்திரங்களுக்கு வரும் கோளாறுகளை இருவகையாகப் பிரிக்கலாம். எப்பொழுதும் உள்ள கோளாறு ஒருவகை. சில வேளை தோன்றிச் சில வேளை மறைவது மற்றொரு வகை. முதல் வகையைக் கண்டுபிடிப்பது எளிது. உடைந்தது உடைந்தபடியே கிடக்கும். பார்ப்பவன் கண்ணுக்குப் படும். இரண்டாம் வகையோ திருத்துநரின் முன்னிலையில் நோயே இல்லாதது போல நடிக்கும். காலையில் முதற் சுழற்சியிலேயே இயந்திரம் உயிர்பெறும், இனிமையாக ஓடும். கால் மணி நேரம் கழிந்து, உடல் சூடேறிய பின்னர், இருமத் தொடங்கும், துள்ளும், மேட்டில் ஏற மறுக்கும், சந்தியில் நிறுத்தினால் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடவாதது போல மறுபடியும் ஓடும். இத்தகைய இயந்திரத்தின் நோயை எவ்வாறு அறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை வண்டி வைத்திருப்போரின் பொழுதுபோக்கு விடயம் என்று எண்ணிவிடலாகாது. வெங்காயத் தறைக்கு நீர் பாய்ச்சும் கமக்காரனின் நீரிறைக்கும் இயந்திரம் பாதி இறைப்பில் நின்றால், வாடுவது பயிர். முச்சக்கர வண்டி ஓட்டி நாட்கூலி பெறுபவனின் வண்டி நடுப்பகலில் நின்றால், அன்று மாலை அடுப்பில் ஏறும் உலையின் அளவு குறைகிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும் வாடகைக் கார் வழியில் நின்றால், அதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவற்றோடு இன்னொரு நட்டமும் உண்டு. காரணம் தெரியாதபோது மனிதர் ஊகத்தின்மேல் உறுப்புகளை மாற்றுகின்றனர். இன்று பிளக், நாளை கொயில், மறுநாள் காபரேற்றர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி மாட்டுகின்றனர். கைப்பணம் கரைகிறது, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியில் திருத்துநர்மீது பழி விழுகிறது.

முதலில் வெப்பம் இயந்திரத்துக்கு என்ன செய்கிறது என்பதை நோக்குவோம். வெப்பம் இயந்திரத்தின் பகைவனன்று. நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரங்களிற் பெரும்பாலானவை ஏறக்குறைய 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் நன்றாக வேலை செய்யும்படியே அமைக்கப்பட்டவை. எரிபொருள் நன்கு ஆவியாகி வளியோடு கலப்பதற்குச் சூடு வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலால் தொடக்கி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோமல்லவா? குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம். பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலால் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், இந்த உண்மையை எந்த நூலையும் படியாமல் அனுபவத்தாலேயே அறிந்தவர்கள்.

ஆகவே, சூடேறிய பின் இயந்திரம் தளர்கிறதென்றால், வெப்பம் ஏற்கெனவே உள்ள ஒரு குறையை வெளிக்கொணர்கிறது என்பதே பொருள். அது நான்கு வழிகளில் நிகழலாம். வெப்பத்தால் திரவம் ஆவியாகிறது. வெப்பத்தால் உலோகம் விரிகிறது. வெப்பத்தால் மின்கம்பியின் தடை கூடுகிறது. கம்பிச் சுற்றுகளைப் பிரித்து வைக்கும் காவலிப் பொருள் பழுதடைந்திருந்தால் அது இடங்கொடுத்து விடுகிறது. வெப்பத்தால் மசகெண்ணெய் இளகித் தன் தடிப்பை இழக்கிறது. எரிபொருள், வால்வு, மின்பொறி, மசகெண்ணெய் என்னும் நான்கும் நாம் தேடவேண்டிய நான்கு வீடுகள் என வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வீடுகளுட் புகுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இயந்திரம் சூட்டினால் நிற்கிறதா, அல்லது நேரத்தினால் நிற்கிறதா? இரண்டும் ஒன்றே போலத் தோன்றும், ஒன்றல்ல. ஓடத் தொடங்கி இருபது நிமிடங்கள் ஆகும்போது இயந்திரம் சூடாகவும் இருக்கிறது. இருபது நிமிட எரிபொருளையும் அது குடித்து முடித்திருக்கிறது. இவற்றுள் எது காரணம்?

எங்கள் அயற்கிராமத்துக் கமக்காரர் ஒருவருடைய நீரிறைக்கும் இயந்திரத்தின் கதையை இங்கே சொல்வது பொருந்தும். அது தொடக்கி இருபது நிமிடம் வரையில் ஓடியபின் மூச்சுத் திணறி நிற்கும். கைவைத்தால் சுடும், எனவே சூட்டினால் நிற்கிறது என்று எல்லோரும் தீர்மானித்தார்கள். பிளக் மாற்றப்பட்டது. கொயில் மாற்றப்பட்டது. இறுதியில் இயந்திரத்தையே விற்றுவிட அவர் எண்ணினார். அவ்வேளையில் பக்கத்துக் கராச்சில் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், இயந்திரத்தைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டான். “ஐயா, தாங்கி நிறைய எண்ணெய் இருக்கும் நாளில் விரைவாக நிற்கிறதா, அரைத் தாங்கி இருக்கும் நாளில் விரைவாக நிற்கிறதா?” கமக்காரர் சற்று யோசித்து, “நிறைய இருக்கும் நாளில்தான் தம்பி விரைவாக நிற்கிறது” என்றார். இளைஞன் தாங்கியின் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே, எண்ணெய் தளும்பாதிருக்க யாரோ வைத்த பொலித்தீன் துண்டொன்று, மூடியிலிருந்த சிறு காற்றுத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. அதனை எடுத்து எறிந்தான். அன்று தொடக்கம் அந்த இயந்திரம் தறை முழுவதையும் ஒரே மூச்சில் இறைத்து முடித்தது.

அக்கேள்வியின் நுட்பத்தைக் கவனியுங்கள். எரிபொருள் வெளியேற வெளியேற அதன் இடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். துளை அடைபட்டால் தாங்கியினுள் அமுக்கம் குறைந்து, எரிபொருள் கீழிறங்காமல் தடைப்படும். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்குள்ள இடம் சிறிது. ஆகையால் அமுக்கம் விரைவிற் குறையும். சூடு காரணமாயின், தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைப் பற்றி அது கவலைப்படப் போவதில்லை. ஒரு கேள்வி இரண்டு காரணங்களை வெவ்வேறாகப் பிரித்துவிட்டது. தாங்கியின் அடியிலுள்ள துருவும் தூசும் இவ்வாறே ஏமாற்றும். ஓடும்போது அவை இழுபட்டு வந்து வடியை மூடும், நிறுத்தியதும் விலகிப்போகும், இயந்திரம் குணமானது போலத் தோன்றும். எனவே இயந்திரம் தளரும் அந்தக் கணத்திலேயே தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உட்புகும் ஒலி கேட்டு, இயந்திரமும் தெளிவடைந்தால், வேறெதையும் தேடவேண்டியதில்லை. இச்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

நேரமன்று, சூடே காரணம் என்று தெளிந்தபின் அடுத்த கேள்விக்கு வருவோம். குறை எரிபொருளிலா, மின்பொறியிலா? இதற்கு விடை தருவது காது. ஆளி ஒன்றை நிறுத்தியது போல இயந்திரம் சட்டென்று அணையுமாயின், மின்பொறியை ஐயுறலாம். பசித்தவன் போலச் சிறிது சிறிதாக வலுவிழந்து, தயங்கித் தயங்கி நின்றால் எரிபொருளை ஐயுறலாம். இது முடிந்த முடிபன்று. எங்கே முதலில் நோக்குவது என்பதற்குரிய வழிகாட்டி மட்டுமே.

பழைய வகை வண்டிகளில் மின்பொறியைச் சோதிக்கும் முறை எளியது. மேலதிகப் பிளக் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நின்ற உடனேயே, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி இந்தப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் சுத்தமான உலோகப் பகுதியோடு நன்கு தொடும்படி வைத்து, இயந்திரத்தைச் சுழற்றச் செய்து பார்க்க வேண்டும். நீலநிறமாய்ச் சுளீரெனப் பொறி பாய்ந்தால் மின்பகுதி நலம். மஞ்சளாய் மெலிந்திருந்தாலோ, இல்லாமலே போனாலோ குறை அங்கேதான். எரிபொருள் சிந்தியுள்ள இடத்தில் இதனைச் செய்யலாகாது. கம்பியைக் கையாலும் பிடிக்கலாகாது. முக்கியமாக, சோதனையை இயந்திரம் ஆறுவதற்கு முன் செய்தல் வேண்டும். ஆறிய பின் சோதித்து “எல்லாம் சரியாக உள்ளது” என்பது, காய்ச்சல் விட்டபின் உடலைத் தொட்டுப் பார்த்து நோயில்லை என்பதற்கு ஒப்பானது.

பொறி மெலிந்திருந்தால் ஐயுறத்தக்கவை இரண்டு. ஒன்று கொயில். 12 வோல்ற்று மின்னை 10,000 வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்துவது அதுவே. அதனுள் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 பங்களவில் உயரும். குளிர்ந்திருக்கும்போது 3 ஓம் உள்ள சுற்று, 80 பாகை சூடேறியதும் ஏறக்குறைய 3.9 ஓம் ஆகும். இது இயல்பு, நல்ல கொயில் இதனைத் தாங்கும். ஆனால் சுற்றுகளுக்கிடையேயுள்ள காவலி பழுதடைந்திருந்தால், சூட்டில் மின் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் குறுக்கே பாய்ந்துவிடும். பிளக்குக்குப் போவது எச்சமே. ஆறியதும் காவலி மீண்டும் தன் கடமையைச் செய்யும். மற்றையது கொண்டென்சர், பாட நூல்களில் ஒடுக்கி எனப்படுவது. விலையிற் சிறியது, செய்யும் தொல்லையிற் பெரியது. அது சூட்டிற் பழுதடைந்தால் பொயின்ற் முனைகளிலே பொறி பறந்து, அவை கருகி நீலம் பாய்ந்திருக்கும். இவ்விரண்டையும் அளவுகருவியால் உறுதிசெய்வதிலும், நல்லதென்று தெரிந்த வேறொன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஒரே வேளையில் இரண்டையும் மாற்றாதீர்கள். எது குற்றவாளி என்பது பின்னர் ஒருபோதும் தெரியாது.

பொறி நன்றாக இருந்தால், எரிபொருளுக்குச் செல்வோம். குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெற்றோல் மிகுந்த கலவை வேண்டும். அதற்காகவே சோக் அமைந்துள்ளது. சூடேறியதும் அந்த மிகுதி தேவையில்லை. சோக் முழுமையாக விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், குளிரில் அமுதமாயிருந்த கலவை சூட்டில் நஞ்சாகிவிடும். கரும்புகை, பெற்றோல் மணம், நிறுத்திய நிலையில் உருண்டு உருண்டு ஓடும் ஒலி, கரி படிந்த பிளக் என்பன இதன் அறிகுறிகள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. காபரேற்றரின் சிறுதுவாரம் ஒன்று அடைபட்டிருந்தாலோ, உள்ளிழுக்கும் குழாயின் பொருத்தில் காற்றுக் கசிந்தாலோ கலவையிற் பெற்றோல் குறைந்துவிடும். குளிரில் சோக் அக்குறையை மறைத்துக் கொடுக்கும். சோக்கைத் தள்ளியதும் குறை வெளிப்படும். ஆகவே சூடேறிய இயந்திரம் தடுமாறும்போது சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரடைந்தால், கலவையிற் பெற்றோல் குறைவு, காற்றுக்கசிவைத் தேடுக. ஓட்டம் மேலும் மோசமானால், கலவையிற் பெற்றோல் மிகுதி. பிளக்கின் நிறமும் சான்று கூறும். இளங்கபில நிறம் நலம். கரி மிகுதியைக் காட்டும். வெளிறிய வெண்மை குறைவையோ மிகையான சூட்டையோ காட்டும்.

எரிபொருள் பற்றிய மூன்றாவது குறை, குழாயினுள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிடுதல். 1948இல் அறிமுகமாகி இன்றும் நம் வீதிகளிற் காணப்படும் மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தொடக்கம் அதில் அமைந்த இயந்திரத்தில், காபரேற்றரும் புகைபோக்கும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. ஓடும்போது காற்று சூட்டைக் கொண்டுபோகும். வெயிலில் நெரிசலிடை நின்றால் சூடு மேலெழுந்து பெற்றோலைக் குமிழிகளாக்கும். பம்பி திரவத்தைத் தள்ள வல்லது. ஆவியைத் தள்ள வல்லதன்று. இயந்திரத்தை நிறுத்தி, நனைந்த துணியைப் பெற்றோல் குழாயின்மீதும் பம்பியின்மீதும் மின்முனைகள் நனையாதபடி போட்டுச் சில நிமிடங்களில் அது எழும்பினால், காரணம் இதுவே. குழாயைச் சூடான உறுப்பிலிருந்து விலக்கி அமைத்தலும், இடையில் வெப்பத் தடுப்புத் தகடு வைத்தலும் பரிகாரம்.

பொறியும் நன்று, எரிபொருளும் நன்று. எனினும் சூட்டில் நிறுத்திய நிலையில் ஒழுங்காக ஓடவில்லை, சூடாக இருக்கும்போது எழுப்புவதும் கடினம் என்றால் வால்வுகளை நோக்க வேண்டும். புகையை வெளிவிடும் வால்வின் தலை 700 பாகை செல்சியசை எட்டவல்லது. சூட்டில் அது நீளும். நீள்வதற்கு இடம் இருக்கவேண்டும் என்பதற்காகவே சிறிய இடைவெளி விடப்படுகிறது. மேற்குறித்த மொறிஸ் மைனர் இயந்திரத்தில், குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். அது குறைந்துபோனால் சூட்டில் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, அமுக்கம் கசியும், நாளடைவில் வால்வின் விளிம்பும் எரியும்.

இங்கே பழைய கார் வைத்திருப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்னாளில் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம், வால்வு இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்வைத் தடுத்தது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு ஈயம் கேடு என்பதனால் அது விலக்கப்பட்டது. இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது நன்மையே. ஆனால் அதற்கு முற்பட்ட வார்ப்பிரும்புத் தலைகொண்ட இயந்திரங்களில், இருக்கை தேய்ந்து வால்வு மேல்நோக்கி அமிழும். இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு போகும். பழைய காரில் இந்த இடைவெளியைக் காலந்தவறாது அளந்து சீர்செய்வதும், தலையைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவதும் அறிவுடைமை.

நான்காவது வீடு மசகெண்ணெய். அதனோடு குளிர்விக்கும் நீரையும் சேர்த்துக்கொள்வோம். சூடேறியபின் எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கினால், அல்லது வெப்பமானி எல்லை கடந்தால், ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள். காற்றால் குளிர்விக்கப்படும் சிறு இயந்திரங்களில் செதில்களிடையே சருகும் சேறும் அடைந்துள்ளனவா என்று பாருங்கள். ரேடியேற்றரின் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறவாதீர்கள். அமுக்கத்தின் கீழிருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் இருக்கிறது. மூடி திறந்ததும் ஒருங்கே கொதித்து முகத்தில் பாயும். மூடிய கொட்டிலினுள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிப்பதும் உயிராபத்து. காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

புதிய வண்டிகளில் காபரேற்றரும் பொயின்ற்றும் இல்லை. கணினி ஒன்று ஆட்சி செய்கிறது. ஆயினும் நியாயம் பழையதே. நீரின் வெப்பநிலையை அறிவிக்கும் உணரி, “இன்னும் குளிர்தான்” என்று பொய் சொன்னால், கணினி பெற்றோலை மிகுதியாக ஊட்டும். அது ஒட்டிக்கொண்ட சோக்குக்குச் சமம். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் உணரியின் சொல்லைக் கணினி சூடேறிய பின்னரே கேட்கத் தொடங்கும். ஆதலால் அதன் பிழை குளிரில் தெரியாது. இயந்திரச் சுழற்சியை அறியும் உணரி சூட்டில் செயலிழந்து ஆறியதும் மீள்வதும் உண்டு. இவ்வண்டிகளில் பிளக் கம்பிகளைக் கழற்றிப் பொறி பார்த்தல் கணினியைப் பழுதாக்கக்கூடும். குறைக் குறியீட்டை வாசிக்கும் கருவியுள்ள திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள். ஆனால் அக்கருவி எந்தப் பகுதியில் முறைப்பாடு என்பதைச் சொல்லுமேயன்றி, எந்த உறுப்பை மாற்றவேண்டும் என்று தீர்ப்புக் கூறாது. அதனை ஆராய்ந்து முடிவு செய்பவன் மனிதனே.

ஆகவே நேயர்களே, வண்டியிலோ இயந்திரக் கொட்டிலிலோ ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கி எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது, தாங்கியில் எவ்வளவு எண்ணெய், வெயிலா மழையா, மேட்டிலா சமதரையிலா, சட்டென நின்றதா தயங்கி நின்றதா, எவ்வளவு நேரம் ஆறியபின் எழும்பியது என்னும் ஆறு விடயங்களை மூன்று நாட்கள் எழுதுங்கள். அப்பக்கத்தைத் திருத்துநரிடம் கொடுங்கள். “என்னவோ தெரியவில்லை, பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்பவருக்கு ஊகம் கிடைக்கும். ஆறு செய்திகளைச் சொல்பவருக்கு விடை கிடைக்கும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியபின் இயந்திரத்தை முன்போலவே சூடேற்றிச் சோதியுங்கள். கழற்றிய உறுப்பை எறியாதீர்கள்.

ஒரு சொல் பெற்றோருக்கும். நான் குறிப்பிட்ட அந்த இளைஞனைப் போன்றோர் நம் ஊர்க் கராச்சுகளிற் பலர் உளர். பரீட்சைத் தாளில் அவர்கள் பெற்ற புள்ளிகள் குறைவாக இருக்கலாம். ஆயினும் இரண்டு காரணங்களுள் ஒன்றைப் பிரித்தெடுக்கும் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் கல்வியின் மையப் பொருளை அறிந்தவன். கையில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதனால் அந்த அறிவின் பெருமை குறைந்துவிடாது. உங்கள் பிள்ளை பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் பார்க்க விரும்பினால், கழற்றிய ஒழுங்கை எழுதிவைக்கும்படி மட்டும் சொல்லி, இடங்கொடுங்கள்.